நர்சம்மா சரி, அம்மா யாரு?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் என் மகளைத் தொலைத்தேன். தொலைத்தது ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஊர் கூடி, விசாரித்து, எனக்குப் பிள்ளையே கிடையாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

கரியாலூரிலிருந்து இறங்கும் பேருந்தில் அந்தக் காலத்தில் ஆட்களைவிட மூட்டைகள் அதிகம். கடுக்காய், புளி, பலாப்பழம், காலைக் கட்டிய கோழிகள். அத்தனைக்கும் நடுவில் என் தடுப்பூசி மருந்துப் பெட்டி. நடத்துனர் அதைப் படிக்கட்டிலிருந்து நீட்ட, நான் இரண்டு கைகளாலும் வாங்கிய நேரத்தில் அமுதா என் விரலை விட்டுவிட்டாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நடக்கக் கற்றுக்கொண்டது மலையில். சமதரையைக் கண்டால் ஓட ஆரம்பித்துவிடுவாள்.

பெட்டியைக் கீழே வைத்துத் திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகப் பலர் வாயிலிருந்து கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். வாழைப்பழக் கடை முன்னால் நின்று அழுத பிள்ளையைக் கடைக்காரர் தூக்கி ஒரு மரப்பெட்டிமேல் நிற்க வைத்திருக்கிறார். யாருடன் வந்தாய் என்று கேட்டதற்கு "நர்சம்மா" என்றிருக்கிறாள். அம்மா எங்கே என்றதற்கும் "நர்சம்மா". வீடு எங்கே என்றதற்கும் அதே பதில்தான். கேள்வி எதுவானாலும் ஒரே பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இன்றைக்கும் உண்டு.

கூட்டம் யோசித்தது. ஆஸ்பத்திரிக் குழந்தை, நர்சு ஒருத்தி எங்கேயோ கொண்டுபோகிறாள் என்றார் ஒருவர். போலீசுக்குச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துவிட்டது: நர்சம்மா எங்கிருந்தாலும் உடனே பழக்கடைக்கு வரவும், குழந்தையின் தாயாரும் உடன் வரவும். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்ட அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே நான் ஓடினேன்.

வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. அமுதா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தாவினாள். கடைக்காரர் அவளை விடவில்லை.

"நீங்க நர்சம்மா, சரி. கொழந்தையோட அம்மா யாரு?" என்றார்.

நான்தான் என்றேன். அவர் நியாயமான மனிதர். பிள்ளையிடமே கேட்டுவிடலாம் என்று, "பாப்பா, இவங்க யாரு?" என்றார். பாப்பா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கணீரென்று சொன்னது, "நர்சம்மா."

எங்களை அழைத்துப்போக வந்திருந்த என் மாமியார் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். பிள்ளை அவரைப் பார்த்து, எங்கள் பக்கத்தில் பாட்டியைக் கூப்பிடுகிறபடி, "ஆயா" என்றதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வீடு சேரும்வரை மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வழியில் பேசாமல் வந்தால், வீட்டில் பேசுவதற்கு நிறையச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலையில் எல்லோருக்கும் ஒரே பெயர்

நான் கல்வராயன் மலையில் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்தேன் என்பதை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் அறிவார்கள். புதிதாக இந்த வாரம் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். கரியாலூர்ப் பக்கம் ஒரு துணை நிலையம். ஊசி போடும் அறைக்குப் பின்னால் நான் தங்க ஓர் அறை. திங்கள் முதல் சனி வரை அங்கே வாசம், ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் குடும்பம். என் கணவர் கீழே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பிரசவ விடுப்பு முடிந்ததும் கைக்குழந்தையோடு மலையேறிவிட்டேன்.

அங்கே எனக்குப் பெயர் கிடையாது. கிழவர், குமரி, நேற்றுப் பேச ஆரம்பித்த பொடிசு எல்லோருக்கும் நான் நர்சம்மா. மலையில் யாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். மேலதிகாரி ஜீப்பில் வந்தாலும் அதே மரியாதைதான். ஆகவே "நர்சம்மா, நீ இங்க வா" என்பதுதான் என் பிள்ளையின் காதில் நாள் முழுக்க விழுந்த தாலாட்டு.

நான் குக்கிராமங்களுக்கு நடந்துபோகும் நாட்களில் அமுதாவைக் குப்பாயி பார்த்துக்கொண்டாள். பக்கத்துக் குடிசைக்காரி. பார்த்துக்கொண்டாள் என்றால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எண்ண வேண்டாம். தன் மகனை மரக்கிளையில் கட்டிய ஏணையில் போட்டுவிட்டு, என் மகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு, சாமைக் காட்டில் களை எடுப்பாள். மறுநாள் பிள்ளைகள் இடம் மாறுவார்கள். ஏணையும் முதுகும் முறை வைத்துத்தான்.

குப்பாயியை அவள் மகன் அம்மா என்று கூப்பிடுவான். என் மகள் அதைக் கவனித்திருப்பாள். அம்மா என்பது அவனிடம் இருக்கிற ஒரு பொருள், நம்மிடம் இருப்பது நர்சம்மா என்று கணக்குப் போட்டிருப்பாள். பொறாமைப்படாத பிள்ளை. தன்னிடம் இருந்ததை வைத்துத் திருப்தியாகவே இருந்தாள்.

அந்தப் படத்துப் பெண்

இதில் என் வண்டவாளம் ஒன்றையும் தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறேன்.

மாதம் ஒரு முறை தாய்மார் கூட்டம் போட்டு, எங்களுக்குக் கொடுத்திருந்த படத்தை விரித்துக் காட்டிப் பேச வேண்டும். படத்தில் ஒரு தாய். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்து மேசையில் ஒரு பூச்சாடி. நானும் குச்சியால் தொட்டுக் காட்டி, முதல் ஒரு வருடம் குழந்தையை விட்டுத் தாய் எங்கேயும் போகக் கூடாது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் கடைசியாக நின்றிருந்த குப்பாயியின் இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று. முதுகில் இருந்தது என் பிள்ளை. அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

யாரும் சிரிக்கவில்லை. மலைக்காரர்கள் பண்பானவர்கள். குப்பாயி மட்டும் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நர்சம்மா, பாவம், இவளுக்குக் காடு இல்லியா?"

சாமை விதைக்க ஒரு துண்டு நிலம்கூட இல்லாததால்தான் அந்தப் பெண் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. நான் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அன்றைக்குச் சத்து மாவைப் பற்றிப் பேசினேன்.

கூலிக்குப் போனவளும் சம்பளத்துக்குப் போனவளும்

போன வாரம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். பெற்ற தாய் வேலைக்குப் போகலாமா, பிள்ளையோடு வீட்டில் இருக்க வேண்டுமா, உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள் என்று. அவருக்கு நான் நேரடியாகப் பதில் எழுதவில்லை. தெரியாததால்தான்.

ஆனால் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் தூக்குவாளியோடு நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற பெண்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்கும் இடுப்பில் பிள்ளை உண்டு. அவர்களை நிறுத்தி, தாயே, நீ போகலாமா என்று யாரும் பட்டிமன்றம் நடத்தியதில்லை. போகாவிட்டால் நாற்று காய்ந்துபோகுமே. இஸ்திரி போட்ட புடவை கட்டி, கையில் ஒரு பையோடு நான் படி இறங்கினால் மட்டும் எதிர்வீட்டுக்காரருக்கு என் பிள்ளையின் எதிர்காலம் பற்றிக் கவலை வந்துவிடும்.

கீழே இப்படி ஒரு விவாதம் நடப்பதாகக் குப்பாயியிடம் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. "போவலன்னா களைய யாரு எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இப்படியெல்லாம் இப்போது வாய் கிழியப் பேசுகிறேன். அந்தச் சனிக்கிழமை இரவு எனக்கு எந்த நியாயமும் தோன்றவில்லை. என் பிள்ளை நாலு பேர் முன்னால் என்னை அம்மா இல்லை என்று சொல்லிவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

விடிந்ததும் ஒரு அச்சு வெல்லத்தை உடைத்து வைத்துக்கொண்டு வைத்தியம் ஆரம்பித்தேன். என் மார்பைத் தொட்டுக் காட்டி, அம்மா சொல்லு என்றேன். அமுதா சமர்த்தாக "அம்மா" என்றாள். ஒரு துண்டு கொடுத்தேன். இன்னொரு முறை சொன்னாள். இன்னொரு துண்டு. ஐந்தாறு முறை ஆயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்து, "நர்சம்மா, இன்னும் வெல்லம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்பார்

சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் தர்பார் கூடியது. என் மாமியார், என் கணவர், குற்றவாளியாக நான். அமுதா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியார் வழக்கைத் தொடங்கிவைத்தார். தெருவில் அவர் பேச்சே வேறு. "எங்கூட்டு மருமவ கவருமெண்டு உத்தியோகம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு வருவார். வீட்டுக்குள் வந்தால், நிழலில் உட்கார்ந்து ஒருத்தி சாப்பிட இந்த வீட்டில் வழி இல்லையா என்பார். இரண்டையும் மனதாரச் சொல்வார். வாழ்நாள் முழுவதும் வெயிலில் குனிந்து நாற்று நட்டவர். தன் வீட்டுப் பெண் ஒருத்தி நிழலில் இருப்பதைப் பார்ப்பது அவருக்குப் பெரிய கௌரவம். அது புரியாமல் நான் ரொம்ப நாள் அவரைக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

"சம்பளம் வருது, போவுது. புள்ள வாயால அம்மான்னு ஒரு வார்த்த வரல. கடத்தெருவுல எனக்கு மூஞ்சி காட்ட முடியல," என்றார். சொல்லிவிட்டு, வேர்க்கடலை காயப்போட்டிருப்பது நினைவுக்கு வந்து, கொல்லைப்புறம் எழுந்து போய்விட்டார். கேஸ் முடிந்தது என்பது அவர் எண்ணம்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். காலையிலேயே எழுதி வைத்திருக்கிறார். என் ராஜினாமாக் கடிதம். கடிதம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்பது வரை ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, அதில் பென்சிலால் லேசாக ஒரு கோடும் போட்டிருந்தார். திங்கட்கிழமை மருத்துவ அதிகாரியிடம் நான் கொடுத்துவிட வேண்டியது.

பேனாவை வாங்கிக்கொண்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் வாங்கினேன். பழக்கடைக்காரரின் கேள்வி காதிலேயே இருந்தது. திருநாவலூரில் என் அப்பா கடன்பட்டுப் படிக்க வைத்த படிப்பு, மலையில் எனக்காகக் காத்திருக்கும் நிறைமாதக்காரிகள், எல்லாவற்றையும்விட அந்த ஒரு வார்த்தை எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

நான் தயங்குவதைப் பார்த்து, என் கணவர் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"அக்கா சொல்றது சரிதான். பெத்தவள அம்மான்னு கூப்புடாத புள்ள பின்னாடி எப்டி ஒட்டும்?"

அக்கா என்று அவர் சொன்னது அவரைப் பெற்ற தாயை. அதாவது என் மாமியாரை.

இதை இங்கே விளக்கியாக வேண்டும். என் மாமியார் சின்னசேலத்துப் பக்கம் கிராமங்களில் நடவுக்குப் பெண்களைக் கூட்டிப்போகிறவராக இருந்தார். ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் அவரைவிடச் சின்னவர்கள், எல்லோருக்கும் அவர் அக்கா. கணவரை இளம் வயதிலேயே இழந்துவிட்டதால், ஒரே பிள்ளையைக் கூடையில் வைத்துச் சுமந்துபோய் வரப்பில் ஒரு மர நிழலில் விட்டுவிட்டு வயலில் இறங்குவார். நாள் முழுக்க வயலில் அக்கா, அக்கா என்ற குரல்தான். பிள்ளையும் அதையே பிடித்துக்கொண்டது. கல்யாணமான புதிதில் எனக்கே குழப்பமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. எங்கள் பக்கத்தில் தாயை அக்கா என்றும் அண்ணி என்றும் கூப்பிடுகிற வீடுகள் எத்தனையோ. யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. எங்கள் வீட்டிலும் மூன்று பேருக்கும் பழகிப்போயிருந்தது. அதனால்தான் அன்றுவரை மூன்று பேருக்கும் உறைக்கவில்லை.

அந்த நொடியில் எனக்கு உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீங்க உங்க அம்மாவ இன்னான்னு கூப்புடுறீங்க?" என்றேன்.

"அது வேற," என்றார் உடனே.

எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரிடம் ஒரு நல்ல குணம். பழைய கோப்பில் தனக்கு எதிரான தாள் ஒன்று கிடைத்தால் அதை மறைக்க மாட்டார். கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்தார். அப்புறம் எழுந்து கொல்லைப்புறக் கதவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

வேர்க்கடலைப் பாய்

மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாயில் கிடந்த கடலையைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்று கூப்பிட்டார் என் கணவர்.

அவர் திரும்பவில்லை. கடலையைப் பரப்பிக்கொண்டே இருந்தார்.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். மாமியார் தலையைத் தூக்கி, பக்கத்து வீட்டு மதில் பக்கம் பார்த்தார். அந்த வீட்டுப் பையன் அவன் அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். கோழி ஒன்றை விரட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் தாய் திரும்பிப் பார்க்கவே பழகவில்லை.

அவர் கிட்டே போய் நின்று, "உன்னத்தான்மா," என்றார். மாமியார் இப்போதுதான் நிமிர்ந்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்து அவர் நெற்றியில் வைத்தார்.

"இன்னாடா, ஒடம்பு சுடுதா?"

என் கணவர் அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று கட்டியிருந்த வெள்ளை வேட்டி. அதைப் பற்றி அவருக்கு அப்போது நினைவில்லை. அக்கா என்று கூப்பிட்டதற்கு எப்போதாவது வருத்தப்பட்டது உண்டா என்று மெல்லக் கேட்டார்.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூடத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. வெகு நேரம் கடலையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு உன்ன அம்மா எங்கடான்னாரு. அம்மா இல்ல சார், அக்காதான் வந்துக்கீதுன்ன. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். அன்னிக்கு ராத்திரி அழுதேன். மறுநா நடவுக்குப் போய்ட்டேன்," என்றார். பிறகு, "போவலன்னா நீ அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்திருக்க மாட்ட," என்றார்.

இந்த மனுஷி எனக்கு எதிராகப் பேசியதாக நினைத்திருந்தேன். தனக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்துவிட்டதே என்றுதான் அவர் வழியெல்லாம் வாய் திறக்காமல் நடந்திருக்கிறார்.

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்து, புடவையை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நர்சம்மான்னுதான கூப்ட்டா. நீ ஓடியாந்த இல்ல? அது போதும். காலைல மொத பஸ்சு எத்தினி மணிக்கு?"

ஆறு மணிக்கு அத்தை என்றேன். அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"வெள்ளன எழுந்து, புள்ளையத் தூக்கிக்கினு போய் ரெண்டு பேரையும் ஏத்திவுட்டு வா."

என் கணவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரிக்கா," என்றார்.